வாசகர் நடத்திய இதழ்கள்

1926ஆம் ஆண்டு ஹியூகோ கெர்ன்ஸ்பாக் அமெரிக்காவில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' அறிவியல் புனைகதைகளுக்கென்றே வெளிவந்த இதழாகும். அது வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு வெளியிட்டது. அச்சிறு செயலின் விளைவு பெரிது. ஒரே கதையைப் படித்துத் தனித்தனியே வியந்தவர்கள் ஒருவருக்கொருவர் மடல் எழுதினர்; பின்னர்த் தாமே இதழ் நடத்தவும் முற்பட்டனர். 1930 மே மாதம் சிகாகோவில் வெளிவந்த 'தி காமெட்' அவ்வகையில் முதலாவது எனக் கருதப்படுகிறது.

இத்தகைய இதழ்கள் பலவற்றுக்கு அச்சகமும் இல்லை, முதலும் இல்லை. ஜெலட்டின் பரப்பில் மையெழுத்தைப் பதித்து, அதன்மேல் தாளை ஒற்றிப் படியெடுத்தனர். ஏறத்தாழ ஐம்பது படிகளில் எழுத்து மங்கிவிடும். ஐம்பது பேர் போதும் என்று அவர்கள் எண்ணியதே வியப்பிற்குரியது! ரே பிராட்பரி 1939இல் தொடங்கிய 'ஃபியூச்சூரியா ஃபேன்டேசியா' நான்கு இதழ்களோடு நின்றுபோனது. பிற்காலத்தில் அவர் பெரும் எழுத்தாளரானதால்தான் அதற்கு மதிப்பு என்பர் சிலர். அது பொருந்தாது. புகழ் பெறாத எத்தனையோ பேர் இத்தகைய இதழ்களில் கதையின் பிழையைச் சுட்டினர். மறுப்பும் மறுமொழியும் எழுதினர். அவ்விவாதமே அவற்றின் உயிர்.

தமிழில் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' என்னும் சிற்றிதழ் புதுக்கவிதைக்குக் களம் அமைத்தது. அறிவியல் புனைகதையோ பெரும்பாலும் பேரிதழ்களின் வழியே வளர்ந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அடுத்த வாரத்திற்காகக் காத்திருந்தோர் பலர். அக்காத்திருப்பு இதழாக மலர்ந்தது அரிது. பள்ளிகளில் கையெழுத்து இதழ் உண்டே எனலாம். அழகாக எழுதுபவர் படியெடுக்க, ஆசிரியர் திருத்த, ஆண்டுவிழாவிற்குப் பின் பேழைக்குள் உறங்கும் இதழ் அது. அதற்கு வாசகர் ஏது?

விழுப்புரத்தை அடுத்த காணையில் பயிலும் மாணவர் கதைப்பொருளைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அதே மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அக்காட்டைப் பற்றி ஒருவர் கதை எழுதலாம். அதில் மனிதர் நடமாடினால், அந்நாளில் மனித இனமே தோன்றவில்லை என்று மற்றொருவர் அடுத்த இதழில் மறுக்கலாம். அம்மறுப்பை ஆசிரியர் நீக்காதிருக்க வேண்டும். நான்கு தாளும் ஒரு நகலெடுக்கும் கடையும் இதற்குப் போதும். இருபது படிகள் எடுத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினால், அடுத்த மறுப்பு அங்கிருந்தும் வரக்கூடும்.