மண் தின்னும் கத்திக்கு ஒரு கவசம்

அடுத்த உழவுக்கு முன் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, கத்திகளை ஒருமுறை பாருங்கள். மாட்டியபோது இருந்த அகலம் இப்போது இருக்காது. 'மண் தின்றுவிட்டது' என்று சொல்லிவிட்டு அடுத்த செட் வாங்குகிறோம். மழுங்கிய கத்தி ஆழமாக இறங்காமல் டீசலைக் குடித்த கணக்கு அதில் சேராது.

மண் தின்பது வெறும் பேச்சு வழக்கல்ல. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. கத்தியின் எஃகு பொதுவாக அதற்குக் கீழேதான். டங்ஸ்டன் கார்பைடோ 9-ஐ ஒட்டி நிற்கிறது.

ஆலைகள் இதை எப்போதோ புரிந்துகொண்டன. சட்லெஜ் நதியின் மணல் அரித்த நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலைய டர்பைன்களுக்கு, டங்ஸ்டன் கார்பைடு பூச்சைத்தான் கவசமாக்கினார்கள். வெப்பத் தெளிப்புப் பூச்சு என்பது இதன் பெயர். உலோகத் தூளையோ கம்பியையோ உருக்கி, வேகமாகப் பாகத்தின் மேல் பீய்ச்சுவார்கள். கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான். பாகம் அதிகம் சூடாகாததால் கோணாது.

உங்களுக்கு உடனே பயன்படும் இடம், கத்தியைவிட மோட்டார் பம்பாகத்தான் இருக்கும். கிளாண்ட் கயிறு உரசித் தேய்ந்த ஷாப்டை வெல்டிங் வைத்து நிரப்பினால், சூட்டில் வளைந்துவிடும். தெளிப்பு முறையில் உலோகம் ஏற்றி, பழைய அளவுக்குக் கிரைண்டிங் செய்துகொள்ளலாம். விரிசல் விட்ட ஷாப்டுக்கு இது மருந்தல்ல. அதை மாற்றத்தான் வேண்டும். பட்டறையில் ஒரு கேள்வி கேளுங்கள்: பூசுமுன் துகள் வீசிச் சொரசொரப்பாக்குகிறீர்களா? எண்ணெயும் துருவும் இருக்கும் இடத்தில் பூச்சு பிடிக்காது, உரிந்துவிடும். இதற்கு மழுப்பலான பதில் வந்தால் ஷாப்டைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

கத்தி விஷயத்தில் அவசரம் வேண்டாம். கல் நிறைந்த காட்டில் மெல்லிய பூச்சு அடிபட்டுச் சில்லுச்சில்லாகப் பெயரும். அங்கே வெல்டிங்கில் கனமாக ஏற்றும் ஹார்டு பேசிங்தான் பொருந்தும். கல்லில்லாத மணற்பாங்கான நிலத்தில் பூச்சைச் சோதிக்கலாம். கத்தியின் ஒரு முகத்தில் மட்டும் பூசினால், மறுமுகம் தேயத் தேய விளிம்பு தானே கூராக நிற்கும். நம் அரிவாளுக்குக் கொல்லர் வைக்கும் கூரைப் போல ஆண்டுதோறும் தீட்ட வேண்டியதில்லை.

சோதனையை எளிதாகவே செய்யலாம். ஒரே ரோட்டவேட்டரில் பூசியதும் பூசாததுமாகக் கத்திகளை இருபுறமும் சமமாக மாட்டுங்கள். மாட்டுமுன் ஒவ்வொன்றையும் எடைபோட்டு எழுதி வையுங்கள். 20 ஏக்கர் உழுதபின் மறுபடி எடைபோடுங்கள். பூச்சுக்கான கூலி கட்டுமா என்பதை அந்தத் தராசு சொல்லிவிடும்.

இதைத் தனி விவசாயி தலையில் கட்டுவது நியாயமில்லை. நாளெல்லாம் ஓடும் இயந்திரங்களை வாடகைக்கு விடும் வேளாண் பொறியியல் துறைதான் முதலில் செய்ய வேண்டும். வட்டாரந்தோறும் எந்த மண்ணில் எவ்வளவு தேய்ந்தது என்று எழுதி அறிவிக்கட்டும். மானியத்தில் தரும் கருவிகளுக்குக் கத்தியின் கடினத்தை விலைப்பட்டியலில் குறிப்பிடச் சொல்லட்டும். குதிரைத்திறனைக் கேட்டு வாங்கும் நமக்கு, மண்ணைத் தொடும் பாகத்தின் தரத்தை இன்றுவரை யாரும் சொல்லித் தருவதில்லை.