எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடக்கூடிய சொக்லேட்

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற எங்களுக்கு மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது வகுப்பில் பிறந்தநாள் வரும். பிள்ளை கையில் ஒரு டொபி பக்கற்றோடு வரும், இல்லாவிட்டால் உம்மா செய்த சொக்லேட் கேக். எல்லாருக்கும் ஒவ்வொன்று. சந்தோசமான விசயம்தான், அதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் தரம் 3இல் ஒரு பிள்ளைக்குப் பால் அலர்ஜி. அவன் டொபியை வாங்கி, ஜஸாக்கல்லாஹ் சொல்லி, உடைக்காமல் பைக்குள் வைத்துக்கொள்வான். வீட்டில் தங்கச்சிக்குக் கொடுப்பானாம். "என்ன பொறுமையான பிள்ளை" என்று பெரியவர்கள் மெச்சுகிறார்கள். எங்களுக்கு அதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. வகுப்பே சாப்பிடும்போது ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதைச் சரிசெய்ய வேண்டியது பெரியவர்களாகிய நாம். எட்டு வயதுப் பிள்ளையின் பொறுமையை நம்பி விட்டுவிட முடியாது.

ஊரில் இந்த விசயம் பலவிதமாகப் பேசப்படுவதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்று நம்மில் சிலர் சொல்வது வேறு பிரச்சினை. அது பாலிலுள்ள லக்டோஸ் என்ற சீனி செமிக்காமல் போவது. அலர்ஜி என்பது பாலிலுள்ள புரதத்தை உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்வது. தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். சில பிள்ளைகளுக்கு மூச்சு இழுக்கும். மூச்சு இழுத்தால், பிள்ளை சோர்ந்து விழுந்தால், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். கைமருந்து பார்க்க அங்கே நேரமில்லை. "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள்" என்று கல்யாண வீட்டில் அறிவுரை சொல்கிற மாமிமார் தயவுசெய்து இதை இரண்டு முறை வாசியுங்கள். வளர வளர நிறையப் பிள்ளைகளுக்கு இந்த அலர்ஜி விட்டுப்போகும். விட்டுவிட்டதா என்று பார்ப்பது டொக்டருடைய வேலை. ஆட்டுப்பாலும் தீர்வு இல்லை, அதன் புரதம் பசுப்பாலின் புரதத்தை மிகவும் ஒத்தது.

நமது பாசையாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தேங்காய்ப்பாலையும் பால் என்றுதான் சொல்கிறோம். அதனால் "பால் ஆகாத பிள்ளை" என்றதும் வட்டிலப்பத்தையும் தொதலையும் அவனுக்கு முன்னாலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அவற்றில் இருப்பது தேங்காய்ப்பால். நெய்யோ பட்டரோ பால்மாவோ சேர்க்காமல் செய்திருந்தால், முட்டையும் அவனுக்கு ஒத்துக்கொள்ளுமென்றால், அவன் தாராளமாகச் சாப்பிடலாம். அதே வீட்டில், "இது வெறும் பிஸ்கட்தானே" என்று பால்மா சேர்த்த பிஸ்கட்டை நீட்டுவார்கள்!

சொக்லேட்டுக்கு வருவோம். பக்கற்றின் பின்பக்கத்தை வாசிப்பது நமக்குப் புதிய வேலை இல்லை. ஹலால் சின்னம் இருக்கிறதா, ஜெலட்டின் இருக்கிறதா, E471 எதிலிருந்து எடுத்தது என்று கடையில் நின்று பார்க்கிற சமூகம் நாம். 2013இல் ஹலால் சின்னம் பெரிய சர்ச்சையான நாட்களில் சின்னப் பிள்ளைகள்கூட லேபல் வாசித்தார்கள். அந்தக் கண்ணால் இன்னும் ஒரு வரி வாசிக்கத்தான் கேட்கிறோம். ஹலால் சின்னம் பாலைப் பற்றி எதுவும் சொல்லாது. மில்க் சொலிட்ஸ், ஸ்கிம்ட் மில்க் பவுடர், வே பவுடர், கேசினேட், பட்டர் ஒயில் என்று எது இருந்தாலும் அது பால்தான். சிங்களத்தில் 'கிரி' என்ற சொல்லைத் தேடுங்கள். 'நொன் டெயரி' என்று எழுதிய கிரீமர்களிலும் கேசினேட் இருப்பதுண்டு, முன்பக்கத்தை நம்ப வேண்டாம். மாஜரினிலும் சில வகைகளில் பால் சேர்ந்திருக்கும். கொக்கோ பட்டருக்கு மட்டும் பயப்படத் தேவையில்லை. அது கொக்கோ விதையின் கொழுப்பு, மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"டார்க் சொக்லேட் வாங்கிக் கொடுங்களேன்" என்பார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 94 டார்க் சொக்லேட்டுகளைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டது. பால் சேர்த்ததாக லேபலில் சொன்னவை 6 மட்டும். மீதி 88இல் 51இல் பால் இருந்தது. பால் சொக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் டார்க் சொக்லேட்டும் ஓடுவது இதற்கு ஒரு காரணம். "பால் கலந்திருக்கலாம்" என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அதைச் சடங்குக்குப் போட்டதாக நினைத்துவிடக் கூடாது. பாலில்லாதது என்று தெளிவாக எழுதிய வெளிநாட்டுச் சொக்லேட் கொழும்பின் பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளில் தேடினால் கிடைக்கும். அந்த விலைக்கு ஒரு வகுப்புக்கே வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

அதனால் வீட்டில் செய்வதுதான் சரி என்பது எங்கள் கருத்து. கொக்கோத்தூள் வாங்கும்போது சீனி, பால்மா கலக்காத வெறும் கொக்கோவா என்று பாருங்கள். மைலோ மாதிரி மோல்ட் மாவில் பால் இருக்கிறது, அது இதற்கு உதவாது. நோன்புக்குச் செய்கிற கடற்பாசியையே சொக்லேட் ஆக்கலாம். 10 கிராம் கடற்பாசியை ஊறவைத்து 2 கோப்பை தண்ணீரில் முழுதாகக் கரையக் காய்ச்சுங்கள். 2 கோப்பை தேங்காய்ப்பாலில் 3 மேசைக்கரண்டி கொக்கோவும் தேவையான சீனியும் கட்டியில்லாமல் கரைத்து, அதில் ஊற்றிச் சூடாக்கி ட்ரேயில் விட்டால் சரி. பிரிட்ஜ் இல்லாமலே இறுகும், நம்மூர் வெயிலில் வகுப்புக்குக் கொண்டுவந்தாலும் உருகாது. தேங்காயெண்ணெயில் கொக்கோ கலந்து செய்யும் சொக்லேட் ருசிதான், ஆனால் பாடசாலைக் கேற்றுக்கு வருமுன் தண்ணீராகிவிடும்.

கேக் வேண்டுமென்றால் ஒன்றரைக் கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை சீனி, 3 மேசைக்கரண்டி கொக்கோ, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, கொஞ்சம் உப்பு. இதில் 5 மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிக் கலந்து உடனே பேக் பண்ணுங்கள். பாலும் இல்லை, பட்டரும் இல்லை, முட்டையும் இல்லை. இன்றைக்கு முட்டை விற்கிற விலைக்கு அதுவும் நல்லதுதானே. பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி மசித்து, கொக்கோ சேர்த்து உருட்டி, வறுத்த தேங்காய்ப்பூவில் பிரட்டினால் அடுப்புக்கூடத் தேவையில்லை.

வட்ஸ்அப்பில் கேக் ஓடர் எடுக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். பெட்டிக்கு மேல் பெயரும் போன் நம்பரும் ஒட்டுகிறீர்கள். அதோடு என்ன போட்டீர்கள் என்று நாலு சொல் எழுதினால் போதும். அதே பீட்டரில் பட்டர் ஐசிங்கும் அடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பிறந்தநாளுக்குக் கொண்டுவருகிற பெற்றார், முதல்நாளே வகுப்பாசிரியைக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். அவனுக்கு மட்டும் தனியாக வேறொன்று கொண்டுவருவதும் நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் எல்லாரும் ஒரே பலகாரத்தைச் சாப்பிட்டால் அவனும் வகுப்பில் ஒருவன்.

ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கு எங்கள் வகுப்பில் கொக்கோக் கடற்பாசி செய்கிறோம். தேங்காய் துருவவும் பிழியவும் இரண்டு உம்மாமார் சரியென்றிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பெரிய ட்ரே வேண்டும். பட்டர் தடவிப் பேக் பண்ணிய ட்ரே என்றால் நன்றாகத் தேய்த்துக் கழுவி அனுப்புங்கள்.