செல்ஃப் அடிக்குது... வண்டி கிளம்பலையா?

அதிகாலை 4 மணி. பாலக்கோடு மண்டிக்குத் தக்காளிக் கூடைகளை ஏற்றிய டீசல் மினி வேன் வாசலில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்கவில்லை. விடிந்துவிட்டால் ஏலம் முடிந்துவிடும். வத்தல்மலையில் இருந்து நோயாளியை இறக்கி வர வேண்டிய வேனாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இந்தப் பதற்றத்தில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: விடாமல் செல்ஃப் அடிப்பது. முதலில் பேட்டரி இறங்கும். அடுத்து செல்ஃப் மோட்டார் சூடேறும். ஒரு கோளாறு மூன்றாகும். 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும். அந்த அரை நிமிடத்தில் கையை விட்டுவிட்டு, காதையும் கண்ணையும் வேலை செய்ய விட்டால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

மூன்றே தேவைகள்

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசல் இன்ஜினில் அது கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் இருந்து இன்றுவரை தத்துவம் ஒன்றுதான். காற்றை இறுக்கி அழுத்தினால் அது 500 டிகிரிக்கும் மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும்.

ஆக, வண்டி கிளம்ப மூன்று விஷயங்கள் வேண்டும். இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும், உள்ளே போதுமான சூடு வேண்டும், காற்றும் தண்ணீரும் கலக்காத டீசல் வந்து சேர வேண்டும். இதில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே.

முதலில் சத்தம்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். 'டக டக டக' என்று சத்தம் வந்து, லைட் மங்கிப்போனால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். லைட் பிரகாசமாக இருந்தும் ஒரே ஒரு 'டக்'தான் வருகிறது என்றால் செல்ஃப் மோட்டாரையோ அதன் சொலினாய்டையோ பார்க்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே. சில வண்டிகளில் கிளட்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். அதையும் மறக்க வேண்டாம்.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் டீசல் வண்டி கிளம்பாது. அழுத்தத்தில் பிறக்கும் சூடு, குளிர்ந்த சிலிண்டர் சுவரிலேயே கரைந்துவிடும்.

அடுத்து புகை

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜினும் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அப்போது ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். புகை அறவே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

புகை இல்லாவிட்டால்...

டேங்க்கில் டீசல் இருக்கிறதா? கேஜை மட்டும் நம்ப வேண்டாம். டீசல் குறைவாக இருக்கும்போது மேட்டுச் சரிவில் நிறுத்தினால், பைப் காற்றை இழுத்துவிடும். டீசல் தீர்ந்துபோய் நின்ற வண்டியிலும், ஃபில்டர் மாற்றிய வண்டியிலும் இதே 'ஏர் லாக்' வரும். ஃபில்டருக்குப் பக்கத்தில் உள்ள கைப்பம்ப்பை அது இறுகும்வரை அழுத்தி ஏர் எடுத்தால் சரியாகும். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

பழைய ரக பம்ப் உள்ள பல வண்டிகளில் டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டு ஒன்று உண்டு. சாவி போட்டதும் அது 'டிக்' என்று சத்தம் தரும். சத்தம் இல்லையென்றால் ஒயரைப் பாருங்கள். கேழ்வரகு, நிலக்கடலை மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் எலி கடித்த ஒயர் புதிய விஷயமல்ல.

காமன் ரயில் வண்டி என்றால் அந்த டீசல் பைப்புகளில் கை வைக்கவே கூடாது. வளிமண்டல அழுத்தத்தைப் போல 1,000 மடங்குக்கும் அதிகமான அழுத்தம் அதில் இருக்கும். ஊசித் துளையில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிராங்க் சென்சார், ரயில் பிரஷர் கோளாறுகளை ஸ்கேனர்தான் சொல்லும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் சிலவற்றில் இன்னொன்றும் உண்டு. அவற்றின் டி.இ.எஃப். திரவம் தீர்ந்து, எச்சரிக்கையும் முடிந்துபோனால், வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அங்கே கோளாறு எதுவும் இல்லை. திரவத்தை ஊற்றினால் போதும்.

வெள்ளைப் புகை வந்தால்...

மதியம் கிளம்புகிற வண்டி, மார்கழிப் பனியில் மட்டும் மக்கர் செய்தால் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக் மீதுதான். டேஷ்போர்டில் சுருள் படம் போட்ட விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். எல்லா பிளக்கும் ஒன்றாக வேலை செய்யவில்லை என்றால் அதன் ஃபியூஸையும் ரிலேவையும் பாருங்கள். பிளக்குகள் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் கம்ப்ரஷன் குறைவாக இருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

துணியைக் கொளுத்தி காற்று போகும் வழியில் காட்டுவது பழைய வழக்கம். இன்றைய வண்டியின் பிளாஸ்டிக் குழாய்களுக்கு அது எமன். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடித்தால், பிளக்கின் சூட்டில் அது வெடிக்கவும் கூடும். காமன் ரயில் வண்டியில் பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் தள்ளியும் பயனில்லை, கம்ப்யூட்டருக்கே கரன்ட் இருக்காது. தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் யோசனையே வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாக இறுகும், பவர் ஸ்டீயரிங்கும் கைகொடுக்காது.

மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது "வண்டி கிளம்பலண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, சாமான் எடுக்கத் திரும்பிப் போவார். செல்ஃப் எப்படி அடிக்கிறது, என்ன நிறத்தில் புகை, கடைசியாக எங்கே டீசல் போட்டது, ஃபில்டர் எப்போது மாற்றியது என்று நான்கு விஷயங்களையும் சொல்லிவிட்டால், தேவையான பாகத்தைக் கையோடு எடுத்து வருவார். ஒரு ஃபில்டரில் முடிய வேண்டிய வேலைக்கு இன்ஜெக்டரைக் கழற்றும் செலவும் வராது.