அயலவரும் அரசும்: கொழும்பின் குணம் பற்றிச் சில எண்ணங்கள்

கொழும்பைப் பார்க்க வரும் நண்பர்களை நான் முதலில் காலிமுகத்திடலுக்கு அழைத்துச் செல்வதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு அழைத்துச் செல்வேன். மெழுகுவர்த்தியும் பூவும் ஏந்தி வரிசையில் நிற்போரில் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் தோற்றுப்போவோம். நெற்றியில் திருநீறு அணிந்த தாய்மார் நிற்பர், வெள்ளை உடுத்த பௌத்த மூதாட்டிகள் நிற்பர், முஸ்லிம்களும் வருவதுண்டு. செவ்வாய் அந்தோனியாருக்கு மட்டுமன்றி முருகனுக்கும் உகந்த நாள். அதே தாய்மாரைச் சற்று நேரத்தின் பின்னர் அருகிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்திலும் காணலாம்.

இவர்களிடம் மத நல்லிணக்கம் பற்றிக் கேட்டால் வியப்புடன் பார்ப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மகளுக்கு வரன் அமையவில்லை, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து தகவல் இல்லை. தேவை அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. கொழும்பின் பன்மைத்துவம் மேடைப் பேச்சில் பிறந்ததன்று. அன்றாடப் பழக்கத்தில் வளர்ந்தது.

அந்தப் பழக்கத்துக்குத் துறைமுகமே தாய். ஒல்லாந்தர் 1757 இல் கட்டி முடித்த வுல்வெண்டால் தேவாலயம், செட்டியார் தெருவின் கதிரேசன் கோவில்கள், புறக்கோட்டையில் 1909 இல் எழுந்த சிவப்புப் பள்ளிவாசல் ஆகிய யாவும் கால்நடையாகவே சென்று பார்க்கக்கூடிய தூரத்தில் உள்ளன. வணிகம் செய்ய வந்தவர்கள் தத்தம் கடவுளரையும் அழைத்து வந்தனர். 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மாநகர எல்லைக்குள் எந்தவோர் இனமும் மக்கள்தொகையில் பாதியைத் தொடவில்லை. சிறுபான்மையினரே சேர்ந்து பெரும்பான்மையாக அமைந்த நகர் இது.

ஆனால் இந்த வாழ்வு சச்சரவின்றி அமைந்துவிட்டது என்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். 1883 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனை விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலத்தின் மீது கத்தோலிக்கர் தாக்குதல் நடத்தினர். குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற பௌத்தரின் முறைப்பாட்டை மறு ஆண்டு கேணல் ஒல்கொட் இலண்டனுக்கே எடுத்துச் சென்றார். 1885 இல் வெசாக் பொது விடுமுறை நாளாயிற்று. பௌத்தக் கொடி முதன்முதலில் ஏற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். இன்று நகரமே ஒளியில் குளித்து, தன்சல்களின் முன்னால் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வரிசையில் நிற்கும் வெசாக் இரவுக்குப் பின்னால் ஒரு கலவரமும், நீதி கேட்ட ஒரு விண்ணப்பமும் இருக்கின்றன.

கொழும்பு ஒற்றை நாட்காட்டிக்குள்ளும் அடங்கியதில்லை. 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறைக்குப் பதிலாகப் போயா தினங்கள் வார விடுமுறையாக இருந்தன. உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் துறைமுக நகருக்கு அது ஒத்துவரவில்லை. ஞாயிறு மீண்டது, பௌர்ணமிப் போயாவும் விடுமுறையாக நிலைத்தது. ஒன்றை ஒன்று வெளியேற்றாமல் இரண்டும் வாழ இடமளித்தமை இந்நகரின் சுபாவத்துக்குப் பொருத்தமானதே. பேர வாவியின் நடுவே ஜெப்ரி பாவா வடிவமைத்த சீமமாலக்கவைப் பாருங்கள். பௌத்த துறவிகளுக்கான அந்த மண்டபம், மகனை இழந்த ஒரு முஸ்லிம் குடும்பம் அவன் நினைவாக வழங்கிய நிதியில் எழுந்தது.

இத்தனையும் இருந்தும் 1983 ஜூலையில் இதே தெருக்களில் தமிழர் எரிக்கப்பட்டனர். வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு காடையர் வீடு வீடாகத் தேடினர். அப்போது எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்கள் சிங்கள, முஸ்லிம் அயலவர்களே. அதை மறப்பது நன்றிகேடு. ஆனால் அயலவரின் மனிதாபிமானம் அரசின் கடமைக்கு ஈடாகாது. அயலவர் ஒரு குடும்பத்தைக் காக்கலாம். ஒரு நகரைக் காப்பதற்குச் சட்டம் வேண்டும்.

2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டபோது காடையர் எவரும் வரவில்லை. வந்தது பொலிஸ். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையை இடைநிறுத்தியது. அரசு வாசலை அடைக்கும்போது அதைத் திறப்பதற்கு ஒரு நீதிமன்றம் தேவைப்படுகிறது என்பதை அந்த இரண்டு நாட்கள் உணர்த்தின.

1883 இல் கலவரம் மூண்ட கொட்டாஞ்சேனைக்கு அருகிலேயே, 2019 இல் மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் உயிரிழந்தோர் 250 பேருக்கு மேல். அடுத்த மாதம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குண்டு வைத்தவர்களோடு எத்தொடர்பும் இல்லாத வணிகர்கள் தண்டனை அனுபவித்தனர். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு அதிகாரிகளும் இழப்பீடு செலுத்த வேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழந்த உயிர்களுக்கு அது ஈடாகாதுதான். எனினும் பொறுப்பு எங்கே இருந்தது என்பதைப் பதிவு செய்தது.

இப்போது இன்னுமொரு கவலை. பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் நெருங்கி நிற்கும் கொம்பனித்தெரு போன்ற பகுதிகளில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு வானளாவிய கட்டடங்கள் எழுகின்றன. வசித்த ஏழை மக்களில் பலர் வேறிடங்களிலுள்ள தொடர்மாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். வணக்கத்தலங்கள் அங்கேயே நிற்கும். நோன்புக் கஞ்சியை அயல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய ஒழுங்கை இருக்காது. பழக்கத்தில் வளர்ந்த பன்மைத்துவம் பழகும் இடத்தை இழந்தால் சுற்றுலாப் பிரசுரத்தில் மட்டுமே மிஞ்சும்.

மாநகரத்தின் குணத்தை மக்கள் ஆக்குகிறார்கள். அதற்குக் காவல் நிற்பதே ஆட்சியின் பணி. கொழும்பு மக்கள் தம் பங்கைப் பெரும்பாலும் செய்தே வந்திருக்கிறார்கள். 2019 ஜூன் மாதத்தில் திருத்தலம் மீண்டும் திறக்கப்பட்டது; செவ்வாய்க்கிழமை வரிசையும் திரும்பி வந்தது. அந்த வரிசையில் நிற்பவர்களின் நம்பிக்கைக்குத் தகுதியான ஆட்சி எப்போது வரும் என்பதே எம்முன் உள்ள கேள்வி.