மண் எடுக்கவும் பயிற்சியா?

கேள்வி: "எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறோம். போன வருஷம் மண் கேட்டு வந்த அன்று மழைத் தூறல். கொல்லைக்குள் சேறாக இருந்ததால் என் வீட்டுக்காரர் எருக்குழிப் பக்கமாகவே ஒரு பை மண் எடுத்துக் கொடுத்துவிட்டார். அட்டையில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் 'அதிகம்' என்று வந்தது. அதை நம்பி அடியுரத்தை நிறுத்தினோம். காய் சரியாகப் பிடிக்கவில்லை. நகைக் கடனுக்கு வட்டி கட்டக்கூடத் தேறவில்லை. எருக்குழி ஓரத்தில் மட்டும் செடி நன்றாக இருந்தது. இனி மண் பரிசோதனையே வேண்டாம் என்கிறார் அவர். அடுத்த மாதம் எங்கள் ஊரில் மண் மாதிரி எடுக்கப் பயிற்சி தருகிறார்களாம். மண் எடுக்கக்கூடவா பயிற்சி? நான் போகலாமா?"

- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அவசியம் போக வேண்டும். முடிந்தால் கணவரையும் அழைத்துப் போக வேண்டும்.

மகசூல் குறைய மழையும் நோயும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் எருக்குழி ஓரத்தில் மட்டும் செடி செழித்தது என்று வாசகியே எழுதியிருக்கிறார். மண் எடுத்ததும் அதே இடத்தில்தான். பல வருடம் எரு கரைந்து இறங்கிய இடத்தில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் அதிகம் இருக்கத்தான் செய்யும். பரிசோதனை நிலையம் எருக்குழி மண்ணைப் பற்றிச் சரியாகவே சொன்னது. கொல்லையைப் பற்றி யாரும் அதனிடம் கேட்கவில்லை.

ஒரு பிடி மண் செய்யும் வேலை

ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண் மட்டும் சுமார் 9 லட்சம் கிலோ இருக்கும். அதற்காகப் பைக்குள் போவது அரை கிலோ. அந்த அரை கிலோவிலும், ஓல்சன் முறையில் மணிச்சத்தைப் பார்க்க இரண்டரை கிராம் மண்தான் எடுக்கிறார்கள்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பத்து இடத்தில் மண் எடுக்கிறோம். ஒன்பது இடத்தில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 8 கிலோ. எருக்குழிப் பக்கம் எடுத்த பத்தாவது இடத்தில் 80 கிலோ. பத்தையும் கலந்தால் சராசரி 15.2 கிலோ. தமிழ்நாட்டில் 11 கிலோவுக்குக் கீழே 'குறைவு', 11 முதல் 22 வரை 'மத்திமம்', அதற்கு மேல் 'அதிகம்'. ஒரே ஒரு பிடி மண் 'குறைவு' என்பதை 'மத்திமம்' ஆக்கிவிட்டது. முழுப் பையும் எருக்குழிப் பக்கத்து மண்ணாக இருந்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

பயிற்சியில் கற்க வேண்டியவை

நிலத்தைப் பிரித்தல்: மண்ணின் நிறம், மேடு பள்ளம், போட்ட பயிர், இட்ட உரம் ஆகியவை மாறினால் அது தனி மாதிரி. செம்மண் பாதி, கரிசல் பாதி என்று உள்ள நிலத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

இடம்: வரப்பு ஓரம், வாய்க்கால் ஓரம், மர நிழல், கிணற்றடி, எருக்குழி, உரம் கொட்டி வைத்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒரு மாதிரிக்குக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் மண் எடுக்க வேண்டும்.

ஆழம்: நெல், கேழ்வரகு, கம்பு, நிலக்கடலைக்கு 15 செ.மீ., அதாவது அரை அடி. பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளி, காய்கறிக்கு 22.5 செ.மீ., அதாவது ஒரு சாண். தென்னை, மா போன்றவற்றுக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் மூன்று மாதிரிகள் தனித்தனியாக. மணிச்சத்து அதிகம் நகராது, மேல் மண்ணிலேயே தங்கும். மேலாகச் சுரண்டி எடுத்தால் அட்டையில் கூடுதலாகத்தான் காட்டும்.

எடுக்கும் விதம்: மேலே கிடக்கும் சருகு, புல்லை அகற்ற வேண்டும்; மண்ணைச் சுரண்டக் கூடாது. மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்துப் போல வெட்டி, அந்த மண்ணை வெளியே போட்டுவிட வேண்டும். பிறகு குழியின் பக்கச் சுவரில், மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களும் பார்க்க வேண்டுமானால் துருப்பிடித்த மண்வெட்டி, தகர வாளி கூடாது. மரக்குச்சியால் சீவி, பிளாஸ்டிக் வாளியில் சேர்க்கலாம்.

அரை கிலோ ஆக்குதல்: கட்டிகளை உடைத்து, கல், வேர் பொறுக்கி, நன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்ப வேண்டும். நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியைக் கலக்க வேண்டும். அரை கிலோ வரும்வரை இப்படியே செய்ய வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து அள்ளிப் போட்டால் பத்து இடம் நடந்தது வீண்.

உலர்த்துதல்: வெயிலில் அல்ல, நிழலில். யூரியா, டி.ஏ.பி. சாக்கின் மேல் பரப்பவே கூடாது. பலரும் செய்யும் தவறு இது.

சீட்டு: பெயர், சர்வே எண், முன் பயிர், அடுத்த பயிர், பாசனமா மானாவாரியா, மண் எடுத்த தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிப் பைக்குள் வைக்க வேண்டும். மை ஈரத்தில் அழிந்துவிடும்.

இவற்றைக் கேட்டுவிட்டு வந்தால் மட்டும் போதாது. பயிற்சிக்கு வருபவர் ஒவ்வொருவரும் ஒரு குழியாவது தன் கையால் வெட்டி, ஒரு மாதிரியை அரை கிலோ ஆக்கிப் பார்க்க வேண்டும். வயலுக்கு அழைத்துப் போகாவிட்டால், அழைத்துப் போகும்படி கேட்கலாம்.

அட்டை யாருடைய மண்ணைச் சொல்கிறது?

மற்ற வாசகர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2015-ல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று மாதிரி எடுக்கும் முறை வகுக்கப்பட்டது. மானாவாரியில் சுமார் 25 ஏக்கருக்கு ஒரே மாதிரி. கையில் இருக்கும் அட்டை பக்கத்து நிலத்து மண்ணைச் சொல்வதாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் சொந்த நிலத்தில் தாமே மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுப்பது நல்லது.

வாசகி இப்போது செய்ய வேண்டியது

அறுவடை முடிந்து, அடுத்த எருவோ உரமோ இடும் முன் புதிய மாதிரி எடுக்க வேண்டும். எருக்குழியைச் சுற்றிய இடத்தைச் சேர்க்கக் கூடாது. புதிய முடிவு வரும் முன் விதைக்க நேர்ந்தால் பழைய அட்டையைப் பார்த்து உரத்தை நிறுத்த வேண்டாம். மானாவாரி நிலக்கடலைக்குப் பொதுப் பரிந்துரை ஏக்கருக்குத் தழைச்சத்து 4, மணிச்சத்து 4, சாம்பல் சத்து 18 கிலோ. இவை சத்தின் அளவு, உரத்தின் எடை அல்ல. 18 கிலோ சாம்பல் சத்துக்கு 30 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ் தேவை. எருக்குழி ஓரத்துக்கு மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி முடிந்ததும் கணவரோடு கொல்லையில் இறங்கி, எந்தெந்த இடத்தில் மண் எடுப்பது என்று இருவரும் நடந்து பார்க்கட்டும். பரிசோதனையே வேண்டாம் என்றவர், இந்த முறை பையை அவரே கொண்டுபோய்க் கொடுக்கக்கூடும்.