கேக் ஓவனில் ஃபுட்ரெஸ்ட் சுடும் பைக் பிரியர்களுக்கு

யூடியூபைத் திறந்தால் போதும், யாராவது ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு பைக் பார்ட்ஸுக்கு பவுடர் கோட்டிங் அடித்துக்கொண்டிருக்கிறார். "கடைக்குப் போனா ஆயிரக்கணக்குல கேப்பான் ப்ரோ, நாமளே பண்ணிக்கலாம்" என்று பின்னணியில் குரல் வேறு. இப்போது நம்ம திருத்தணிப் பசங்களும் இதைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சாரி கார்டில் ஆரம்பித்து, சைடு ஸ்டாண்டு, ஸ்விங் ஆர்ம் என்று வளர்ந்து, கடைசியில் அலாய் வீலில் வந்து நிற்கிறது பேச்சு. எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். பவுடர் கோட்டிங்கில் தின்னர் கிடையாது. பிசினும் நிறமியும் சேர்த்து அரைத்த நைசான பொடி. துப்பாக்கி அந்தப் பொடிக்கு மின்னேற்றம் கொடுக்கிறது (தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் ஒரு லட்சம் வோல்ட் வரை போகும், கரண்ட் மிகக் குறைவு). இரும்புச் சாமான் எர்த் செய்யப்பட்டிருக்கும். தலையில் தேய்த்த சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுகிற மாதிரி, பொடி போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை ஓவனில் வைத்துச் சுட்டால், உருகிப் பரவி, கெட்டியான தோலாக மாறிவிடும். அவ்வளவுதான். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது!

எர்த் என்றேனே, அங்கேயே முதல் கோளாறு. நம் பழைய வீடுகளில் எத்தனை பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் ஒயர் இருக்கிறது? பொடியைத் தெளிக்கும் ஆளும், தொங்கும் சாமானும், கொக்கியும் எர்த்தில் இல்லை என்றால் மின்னேற்றம் சேர்ந்து சேர்ந்து ஒரு நேரம் பொறியாகப் பாயும். பொறி பறக்கும் இடத்தில் மிதப்பது என்ன? எரியக்கூடிய பொடி. ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்து கிராம் மிதந்தாலே போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். நம்பிக்கை இல்லையா? 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் கூட்டத்தின் மேல் வண்ணப் பொடி தூவிக் கொண்டாடினார்கள். அது வெறும் சோளமாவுப் பொடி. தீப்பற்றியதில் 15 பேர் இறந்தார்கள், சுமார் 500 பேர் காயப்பட்டார்கள். நீங்கள் அடிப்பது பிளாஸ்டிக் பொடி. அதுவும், பக்கத்து வீட்டுத் துணியில் பறக்கக்கூடாது என்று பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு!

அடுத்தது ஓவன். பொதுவாக உலோகத்தின் சூடு 180 முதல் 200 டிகிரியை எட்டிய பிறகு 10 முதல் 20 நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். ஓவனின் சூடு அல்ல, உலோகத்தின் சூடு. கனமான இரும்பு ஒன்று அந்தச் சூட்டை எட்டவே வெகு நேரமாகும். ஓவன் குமிழைப் பார்த்துக் கணக்கு வைத்தால் மேலே பளபளப்பாக, உள்ளே வேகாமல் வெளியே வரும். சில மாதத்தில் தோல் தோலாக உரியும், உள்ளே துரு. சுடும்போது வரும் ஆவி ஓவன் சுவரில் படியும். வெளியில் நிற்கும் சாமான்களுக்கான பாலியெஸ்டர் பவுடர்கள் சிலவற்றில் டிஜிஐசி என்ற கெட்டியாக்கி இருக்கிறது. மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஓவனில் மறுநாள் தங்கச்சி பிறந்தநாளுக்குக் கேக் செய்வீர்களா?

பெட்ரோல் டேங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஓவனில் வைக்க நினைப்பவர்களிடம் ஒரே வார்த்தை: வேண்டாம். காலி டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய், சிலவற்றில் அழுத்தத்தில் வாயு. மேலே விளக்கத் தேவையில்லை.

என் உண்மையான கோபம் வீல் மேல்தான். பதினேழு இன்ச் வீல் எந்த வீட்டு ஓவனிலும் நுழையாது. அதனால் பழைய பீரோவுக்குள் ஹீட்டர் காயில் மாட்டி ஓவன் செய்கிறார்கள். "கம்பெனியிலேயே அலாய் வீலுக்குப் பவுடர்தானே அடிக்கிறாங்க?" என்று கேட்பீர்கள். பல வீல்களுக்கு அடிக்கிறார்கள்தான். ஆனால் அங்கே சூட்டையும் நேரத்தையும் அளந்து, கோட்டிங்கையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வீலைச் செய்கிறார்கள். அலாய் வீலின் பலமே வெப்பப் பதத்தில் இருக்கிறது. வார்த்த அலுமினியத்தை மிகுந்த சூட்டில் வைத்து, சட்டென்று குளிர்வித்து, பிறகு 150-170 டிகிரி வாக்கில் சில மணி நேரம் வைத்து அந்தப் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். உங்கள் பீரோவில் காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி எத்தனை டிகிரி போனது என்று யாருக்குத் தெரியும்? பதம் தளர்ந்த வீல் பார்க்க அப்படியேதான் இருக்கும். இன்னும் அழகாகக்கூட இருக்கும், ஏனென்றால் முன்பிருந்த விரிசலையும் பவுடர் மூடிவிடும்.

அந்த வீலோடுதான் பின்னால் அம்மாவை உட்காரவைத்து கோயில் மலைப்பாதையில் ஏறி இறங்கப் போகிறீர்கள். அல்லது நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு லாரிகளோடு போட்டி போட்டுக்கொண்டு போகப் போகிறீர்கள்.

இன்னொன்று. பவுடர் தோல் 60 முதல் 100 மைக்ரான் தடிமன். ஆக்சில் நட் உட்காரும் முகத்திலும் டிஸ்க் பொருந்தும் இடத்திலும் அதை அடித்துவிட்டால், ஓட ஓட நசுங்கி நட் தளரும். ஃபிரேமில் எர்த் ஒயர் மாட்டும் இடத்தில் அடித்தால் ஹாரன் கூட வேலை செய்யாது (ஒரு நாள் முழுக்க பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்!). சேசிஸ் நம்பர் மேல் அடித்தால், வண்டியைக் கைமாற்றும்போது பென்சில் தேய்த்து அச்சு எடுக்கவே வராது.

"தின்னர் இல்லை, அதனால் இது பசுமையான வேலை" என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. பழைய பெயிண்டையும் துருவையும் எப்படி எடுத்தீர்கள்? பாத்ரூம் ஆசிட் ஊற்றி, தண்ணீரைச் சாக்கடையில் விட்டுத்தானே? இல்லை என்றால் மணல் அடித்து. மணல் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ். அது வந்தபின் குணமாக்க வழியில்லை. பட்டறையிலும் அந்தப் பையன்கள் முகமூடி இல்லாமல்தான் நிற்கிறார்கள் என்றால், ஆமாம், அதுவும் அநியாயம்தான். அதே அநியாயத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது அதற்குத் தீர்வா என்ன?

காசு இல்லாத மாணவன் என்ன செய்வான் என்பது நியாயமான கேள்வி. கழற்றுவது, மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் எடுப்பது, புஷ்ஷும் பேரிங்கும் தட்டி எடுப்பது, எங்கெல்லாம் பவுடர் படக்கூடாது என்று குறித்துக் கொடுப்பது, எல்லாம் வீட்டிலேயே செய்யுங்கள். கூலியில் கொஞ்சம் மிச்சமாகும். பிறகு சாமான்களைச் சாக்குப்பையில் கட்டி லோக்கல் டிரெயின் ஏறுங்கள். அரக்கோணம், திருவள்ளூர் தாண்டி அம்பத்தூரில் இறங்கினால் எஸ்டேட்டில் ஜாப் ஒர்க் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. கொடுக்கும் முன் செவன் டேங்க் பிராசஸ் உண்டா, ஓவனில் வெப்பப் பதிவு எடுப்பார்களா என்று கேளுங்கள். முழிக்கிறவரிடம் சாரி கார்டு மட்டும் கொடுங்கள், வீலைக் கொடுக்காதீர்கள்.