காலி இடம் நஷ்டம் அல்ல

திருப்பூரிலும் கரூரிலும் கோவையிலும் ஏற்றுமதித் தொழிலுக்குப் புதிதாக வருகிற எவருக்கும் தொடக்கத்திலேயே ஒரு கணக்கு சொல்லித்தரப்படுகிறது. சரக்கு 15 கன மீட்டருக்குள் இருந்தால் எல்சிஎல், அதாவது பலருடைய சரக்கோடு சேர்ந்து போகும் பங்குக் கண்டெய்னர். அதற்கு மேல் போனால் எஃப்சிஎல், நமக்கே நமக்கான முழுக் கண்டெய்னர். பாதி காலியாகக் கிடக்கும் பெட்டிக்கு முழு வாடகை கொடுப்பது ஊதாரித்தனம் என்ற நம்பிக்கைதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை. கேட்பதற்குச் சிக்கனமாக இருப்பதால் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். கடல் வாடகை என்ற ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டு, முழு பில்லையும் பார்த்ததாக நினைக்கவைப்பது இந்த நம்பிக்கைதான்.

முதலில் அந்த 15ஐ எடுத்துக்கொள்வோம். 20 அடி கண்டெய்னரின் உட்புறம் சுமார் 33 கன மீட்டர். அட்டைப்பெட்டிகளை அடுக்கினால் நடைமுறையில் 25 முதல் 28 வரைதான் கொள்ளும். முழுப் பெட்டியின் வாடகையை, பங்குச் சரக்குக்கு ஒரு கன மீட்டருக்குக் கேட்கும் வாடகையால் வகுத்துத்தான் இப்படியொரு எல்லையைக் கண்டுபிடிக்கிறார்கள். வகுபடும் எண்ணே நிலையில்லாதபோது விடை மட்டும் எப்படி நிலைத்திருக்கும்? டிரூரி நிறுவனத்தின் உலகக் கண்டெய்னர் குறியீடு 2021 செப்டம்பரில் 40 அடி பெட்டிக்கு 10,000 டாலரைத் தாண்டியது. 2023இல் 2,000 டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக வேண்டிவந்ததும் மறுபடி ஏறியது. பங்குச் சரக்கின் வாடகை இதே வேகத்தில் ஏறி இறங்குவதில்லை. ஆகவே வாடகை படுத்துக்கிடக்கும் மாதத்தில் 9 கன மீட்டரிலேயே முழுப் பெட்டி கட்டுப்படியாகலாம். உச்சத்தில் 20 கன மீட்டர் ஆனாலும் பங்கே மலிவாக இருக்கலாம். இத்தனை ஆட்டத்துக்கு நடுவே மாறாமல் நிற்கிற ஓர் எண்ணை நம்பி லோடு அனுப்புவது கணக்கே அல்ல, வெறும் பழக்கம்.

அந்த எண் கன மீட்டரில் இருப்பதே இன்னொரு கோளாறு. பங்குச் சரக்குக்குக் கட்டணம் கன அளவை மட்டும் வைத்துப் போடப்படுவதில்லை. ஒரு கன மீட்டர், 1,000 கிலோ, இந்த இரண்டில் எது அதிகமாக வருகிறதோ அதற்குத்தான் பணம். கரூரிலிருந்து போகும் மெத்தை உறைக்கும் திரைச்சீலைக்கும் இதனால் தொல்லை இல்லை, அவை இடத்தை அடைப்பவை. கோவையின் வார்ப்பிரும்பு உதிரிபாகங்களுக்கு நிலைமை வேறு. 6 கன மீட்டர் பிடிக்கும் மரப்பெட்டிகளில் 14 டன் இருந்தால், பலருடைய சரக்கையும் ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பும் கன்சாலிடேட்டரின் பில்லில் அது 14 அலகு. '6 கன மீட்டர்தானே, எல்சிஎல் போதும்' என்று முடிவெடுத்தவர் ஏறக்குறைய முழுப் பெட்டியின் விலையைக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு மூலையை மட்டும் வாங்கியிருக்கிறார்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் இறங்கு துறைமுகத்தில் இருக்கிறது. பங்குக் கண்டெய்னர் போய்ச் சேர்ந்ததும் அதை ஒரு சரக்கு நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, ஒவ்வொருவர் சரக்கையும் தனித்தனியாக ஒப்படைக்க வேண்டும். அந்த வேலைக்கான கட்டணமும், டெலிவரி ஆர்டர், ஆவணம் என்று இன்ன பிறவும் வாங்குபவர் தலையில் விழுகின்றன. இங்கேதான் வியாபாரத்தின் சூட்சுமம். லோடு பிடிக்கப் போட்டியிடும் கன்சாலிடேட்டர்கள் கடல் வாடகையைக் குறைத்துக்கொண்டே போய், சில தடங்களில் சுழியமாக்கி, அதற்கும் கீழே போய் அனுப்புபவருக்குக் கையில் பணம் கொடுக்கவும் செய்கிறார்கள். விட்டதை மறுமுனையில் வசூலித்துக்கொள்கிறார்கள். சீனத் துறைமுகங்களிலிருந்து இந்தியாவுக்கு வரும் பங்குச் சரக்கில் இது தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். சென்னையில் இறக்குமதி செய்யும் சிறு வியாபாரி அதன் சுமையைத் தாங்குகிறார். வாடகையை விற்பவரே கட்டும் சிஎஃப்ஆர், சிஐஎஃப் ஒப்பந்தங்களில் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், இறங்கு துறைமுகக் கட்டணங்களைக் கட்டுபவர் இன்னொருவர். விற்பவருக்கு மலிவாகத் தெரிவது இதனால்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 கன மீட்டர் சரக்கு. பங்கு வாடகை கன மீட்டருக்கு 20 டாலர் என்றால் 240. முழுப் பெட்டி வாடகை 900. பார்த்தவுடன் 660 டாலர் மிச்சம் போலிருக்கிறது. புறப்படும் இடத்து நிலையக் கட்டணம் கன மீட்டருக்கு 15, இறங்கும் இடத்தில் 70, ஆவணங்களுக்கு 120 என்று சேர்த்தால் பங்குச் சரக்கின் செலவு 1,380 ஆகிறது. முழுப் பெட்டிக்கு இரு துறைமுகக் கட்டணங்களும் சேர்த்து 400 போட்டாலும் 1,300தான். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், மறுக்கவில்லை. ஆனால் இதே எடுத்துக்காட்டில் கடல் வாடகையை மட்டும் ஒப்பிட்டிருந்தால், பெட்டி நிரம்பி 28 கன மீட்டர் ஆனாலும் 560 டாலரில் பங்கே மலிவு என்று வந்திருக்கும். அந்த ஒப்பீடு எவ்வளவு பொய்யானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பணமாக எழுதப்படாத செலவும் உண்டு. 2017இல் மின்னணு சீல் முறை வந்தபிறகு, ஏற்றுமதியாளர் தன் ஆலையிலேயே பெட்டியை நிரப்பி, தானே சீல் வைத்துத் துறைமுகத்துக்கு அனுப்ப முடிகிறது. அந்தச் சரக்கை ஆலையில் ஒருமுறை, வாங்குபவரின் கிடங்கில் ஒருமுறை என இரண்டே முறைதான் மனிதக் கை தொடுகிறது. தூத்துக்குடியில் பங்குச் சரக்காகக் கொடுத்து, கொழும்பில் பிரித்து வேறு பெட்டிக்கு மாற்றப்படும் சரக்கை எண்ணிப் பாருங்கள்: லாரியில் ஏற்றி, இறக்கி, அடைத்து, கொழும்பில் பிரித்து, மறுபடி அடைத்து, சேருமிடத்தில் பிரித்து, லாரியில் ஏற்றி, கடைசியாக இறக்கி, எட்டு முறை. பின்னலாடைப் பெட்டிக்குப் பக்கத்தில் என்ன சரக்கு அமர்கிறது என்பதும் நம் கையில் இல்லை. பங்காளிகளில் ஒருவருடைய ஆவணத்தில் சுங்கத்துறைக்குச் சந்தேகம் வந்தால் அத்தனை பேர் சரக்கும் காத்திருக்கும். 2021 மார்ச்சில் சூயஸில் சிக்கிய எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் பொதுச் சராசரி (ஜெனரல் ஆவரேஜ்) அறிவித்தபோது, மீட்புச் செலவில் தங்கள் பங்குக்குச் சரக்கு உரிமையாளர்கள் உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. முழுப் பெட்டிக்காரர் தன் உத்தரவாதத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். பங்குப் பெட்டியிலோ முகம் தெரியாத யாரோ ஒருவர் தாமதித்தாலும் பெட்டி நகராது.

எதிர்வாதங்களில் நியாயமானவையும் இருக்கின்றன. 2, 3 கன மீட்டருக்கு முழுப் பெட்டி எடுக்கச் சொல்வது அபத்தம். சாம்பிள் லோடுக்கும் சோதனை ஆர்டருக்கும் எல்சிஎல் போல உதவுவது வேறில்லை. உள்நாட்டில் டிரெய்லர் வாடகை சாதாரண லாரியைவிட அதிகம். மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் எல்லை சற்று மேலே நகரும். பாதிப் பெட்டியில் சரக்கு சரியாமலிருக்கக் காற்றுப்பை, கட்டுப்பட்டை என்று செலவாகும். வாங்குபவர் குறித்த நாட்களுக்குள் பெட்டியைத் திருப்பித் தராவிட்டால் டிட்டென்ஷன் கட்டணம் ஏறும், இது முழுப் பெட்டிக்கே உரிய ஆபத்து. இவை எல்லாம் கணக்கில் சேர வேண்டியவை. சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதமும். பெட்டி நிரம்புகிறவரை காத்திருந்தால் முதல் முடங்குமே என்பது இன்னொரு எதிர்ப்பு. நிரப்ப வேண்டும் என்று யார் சொன்னார்கள்? 12 கன மீட்டரை 20 அடி பெட்டியில் இன்றே அனுப்பலாம். காலி இடத்துக்குப் பணம் போகிறதே என்ற உறுத்தல்தான் காத்திருக்க வைக்கிறது.

கடல் வாடகையை வாங்குபவர் கட்டும் எஃப்ஓபி ஒப்பந்தத்தில், சரக்கு அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஃபார்வர்டரை அவரே நியமிக்கிறார், நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள். நியமிப்பவருக்கும் மொத்தச் செலவை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பல சிறு இறக்குமதியாளர்களும் அதே 15ஐ நம்பிக்கொண்டிருப்பவர்கள்தான். ஒரே வாங்குபவருக்குத் திருப்பூரில் மூன்று நான்கு பேர் சப்ளை செய்கிறார்கள் என்றால், அவர்கள் சரக்கை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, அவர் பெயரிலேயே முழுப் பெட்டியாக அனுப்பும் முறை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பெரிய பிராண்டுகள் அதைத்தான் செய்கின்றன. சிறு வாங்குபவர்களுக்கு அதை முன்வைக்க ஏற்றுமதியாளர்கள் தயங்கக் காரணமில்லை. ஒவ்வொரு லோடுக்கும் எல்சிஎல், எஃப்சிஎல் இரண்டுக்கும் விலை கேட்க வேண்டும். இறங்கு துறைமுகக் கட்டணங்களை வரிவரியாக எழுத்தில் வாங்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தர மறுக்கும் கன்சாலிடேட்டருக்கு, அவர் கடல் வாடகை சுழியம் என்றாலும், லோடு கொடுக்கக் கூடாது.